எல்ட்ரனுக்குப் போகாத வண்டி

முன்கண்ணாடி வைப்பரின் ரப்பருக்கு அடியில் ஆப்பிள் பூவின் இதழ்கள் சில ஒட்டியிருந்தன. லோவல் முதலில் அவற்றைப் பனித்துணுக்கு என்றுதான் நினைத்தான். மார்ச் மாதம் பிறந்திருந்தாலும் ஸ்போகேன் நகரின் அந்தத் தெருவில் வேலியோரமாகப் பழைய பனி அழுக்குச் சர்க்கரைபோலக் குவிந்துதான் கிடந்தது. ஆனால் விரலில் எடுத்தபோது அது உருகவில்லை. மெல்லியதாக, ஈரமாக, ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடியதாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். பூதான். ஆப்பிள் பூக்க இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். அந்தத் தெருவில் ஆப்பிள் மரமே இல்லை.

வண்டியும் எங்கும் போய்வரவில்லை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்து ஓடும் ஆர்.வி. அது. போன இலையுதிர் காலத்தில் வாங்கி வாசலில் நிறுத்தியது, சக்கரங்களைச் சுற்றிப் பனி இறுகிப்போய், நிறுத்திய இடத்திலேயே நின்றது. குளிரில் குழாய் வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை அவனே ஊற்றி நிரப்பியிருந்தான். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பது லோவலின் நம்பிக்கை. பிழைப்பு முழுவதும் லிஃப்ட்டுகளைச் சோதித்தவன் அவன். கம்பி எங்கே தேய்கிறது, பிரேக் எங்கே நழுவுகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பான். காற்று எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கும் என்று இதழ்களை உதறிவிட்டு உள்ளே போனான்.

சமையலறை மேசை முழுவதும் வரைபடத்தை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி வெர்னா. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், இரு கரையும் பழத்தோட்டமாக இருக்கும் எல்ட்ரன் என்ற ஊருக்கு அவர்கள் போகப்போகிறார்கள். பூக்கும் வாரத்தில் அங்கே கடைத்தெருவை அடைத்து ஊர்வலம் விடுவார்கள். வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். பூக்கும் வாரம் எப்போதும் பள்ளி நாட்களில்தான் வரும். அதனால் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைப் பார்த்ததில்லை. இந்த வருடம்தான் வேலையை விட்டாள். வண்டி வாங்கியதே இதற்காகத்தான். அன்று காலைதான் இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம் மைதானத்தில் பெரிய இடமாக ஒன்றைப் பிடித்திருந்தாள்.

பெரிய இடம் கேட்டதற்குக் காரணம், வண்டியின் நீளும் அறை. பக்கச் சுவரில் ஒரு பகுதி, சோபாவும் மேசையுமாக, மேசை இழுப்பறையைப்போல வெளியே நகரும். அடியில் இரண்டு பற்சட்டங்கள், அவற்றின்மேல் உருளும் பற்சக்கரங்கள், சுழற்ற ஒரு மோட்டார். பொத்தானை அழுத்தினால் வெளியே போகும். மறுபடி அழுத்தினால் உள்ளே வரும். லிஃப்ட் கதவுக்கு நடுவில் கையை வைத்தால் கதவு திரும்பிப் போய்விடும். அந்த அறிவை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அறைக்குக் கொடுக்கவில்லை. நடுவில் தலையணை இருந்தாலும் தலை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

மறுநாள் பற்சட்டத்துக்கு மசகு போடக் குனிந்தபோது அதைப் பார்த்தான். பற்களின் இடுக்குகளில் பழுப்பாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. துரு என்று நினைத்து நாக்கில் வைத்தான். துரு இல்லை. எலி நசுங்கியிருக்கும் என்று அடுத்த காரணத்துக்குப் போனான். அப்போதுதான் முடிக்கற்றை கையில் வந்தது. நீளமான நரைமுடி, நுனியில் மட்டும் போன வருடம் போட்ட செம்பட்டைச் சாயம். முடியின் வேரில் தீப்பெட்டி அளவுக்குத் தோல்.

மாடிக் குளியலறைக்குப் போய் வெர்னாவின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். கீழே அவள் தொலைபேசியில் தன் தங்கை டொரீனிடம், என்ன தொப்பி எடுத்துப்போவது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றே மோட்டாரைக் கழற்றி வண்டிக்கொட்டகையில் வைத்தான். மோட்டார் பழுது, அறை இனி நீளாது என்றான். வெர்னா முணுமுணுத்துவிட்டு இடத்தை மாற்றினாள். நீளும் அறை இல்லையென்றால் சின்ன இடமே போதும். சின்ன இடங்கள் ஆற்றங்கரையில்தான் இருந்தன. அதுவும் நல்லதுதான், படுத்துக்கொண்டே ஆற்றைப் பார்க்கலாம் என்று சமாதானமானாள்.

மறுநாள் விடிந்ததும் பற்சட்டத்தைப் பார்த்தான். புதிதுபோல இருந்தது. ஒரு கறை இல்லை. பெருமூச்சு விட்டு வண்டியின் கதவைத் திறந்தான்.

சேற்று வாடை முகத்தில் அடித்தது. உள்சுவர் நெடுக, ஜன்னல் உயரத்துக்கு, ஒரே மட்டமாகச் சேற்றுக்கோடு. அலமாரிகளுக்குள் வில்லோ இலைகள். தட்டுகளில் மணல். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. பூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் ஆழமாகக் கீறல்கள். சிவப்புப் பொத்தானின் இடுக்கில் ஒரு நகம், சதையோடு பிய்ந்து சிக்கியிருந்தது.

அவன் துடைத்து முடிப்பதற்குள் வெர்னா வந்து வாசலில் நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"என்ன லோவல், உள்ள தவளை வளர்க்கப் போறியா? பூட்ஸைக் கழட்டிட்டு ஏறணும்னு உனக்கு இன்னும் யாராவது பாடம் எடுக்கணுமா?"

நகத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மன்னிச்சுக்க என்றான். அவளுக்கும் சேறு தெரிகிறது. அப்படியானால் அவன் மூளை கெட்டுப்போகவில்லை. அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை.

இரவெல்லாம் புரண்டு யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. அவர்கள் போகப்போகும் பயணத்திலிருந்து வண்டி முன்னாலேயே திரும்பி வந்துவிடுகிறது. திட்டம் எப்படியோ, அப்படி வருகிறது. திட்டத்தை மாற்றினால் வண்டியும் மாறுகிறது. எப்படி என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ஓர் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள அதைச் செய்தவனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மாற்ற வேண்டும், மற்றதையெல்லாம் அப்படியே விட வேண்டும், என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும். லிஃப்ட்டில் அவன் செய்ததும் அதுதான். எங்காவது ஒரு பாதுகாப்பான வழி இருக்கும். அவள் பூவைப் பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்பும் வழி.

ஆறு கரை தாண்டுகிறது என்றால் மேட்டில் இடம் எடுக்கலாம். முகாமுக்குப் பேசி மாற்றினான். காலையில் சேறு இல்லை. முன்கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளிருந்து வெளியே பிதுங்கிச் சிலந்திவலையாக விரிந்த விரிசல், வெர்னா உட்காரும் பக்கம். அதன் நடுக்குழியில் நெற்றித்தோல். காலடியில் பற்கள். அவை காய்ந்திருக்கவில்லை, விரலில் பிசுபிசுத்தன. அவள் எழுவதற்குமுன் வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினான். இதற்கும் காரணம் கண்டுபிடித்தான். கோதுமை வயல்கள் உள்ள மேட்டுநிலத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சாலை செங்குத்து. இவ்வளவு கனமான வண்டியைப் பிரேக்கிலேயே பிடித்து இறக்கினால், சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதித்த கால் வெறும் காற்றில் இறங்கும். ஆகவே சமவெளியில் சுற்றிப்போகும் சாலைக்குத் திட்டத்தை மாற்றினான்.

மறுநாள் காலை கண்ணாடி முழுதாக இருந்தது. அடுப்பும் மெத்தையும் எரிந்திருந்தன. உருகிய நுரைமெத்தையில் ஒரு கை ஊன்றிய பள்ளம், ஐந்து விரலும் தெளிவாக. தீயில் வெந்த பன்றிக்கொழுப்பின் வாடை. அவன் வாசல் புல்லில் வாந்தியெடுத்தான். கேஸ் உருளைகளைக் கழற்றினான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துப்போவோம், சமைக்க வேண்டாம் என்றான்.

"ரொட்டியா? ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் சுடச்சுட ஆக்கிப் போட்டவ நான். எனக்கு லீவுல ஆறிப்போன ரொட்டி. பேஷ்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவன் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

அவன் அப்போது சரியாகத் தூங்குவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஹாலில் பாட்டு முணுமுணுத்தால்கூட நரம்பு சுண்டியது. இவ்வளவு பாடுபடுவது யாருக்காக என்று தெரியாமல் பாடுகிறாளே என்று கோபம் வந்தது.

அடுத்த காலை, வண்டியில் எதுவும் உடைந்திருக்கவில்லை. எதுவும் எரியவில்லை, நனையவில்லை. டயரிலிருந்து கூரைத் துவாரம்வரை ஒவ்வோர் இயந்திரமும் ஒழுங்காக இருந்தது. படுக்கையின் பக்கத்துச் சுவரில் மட்டும், கீழிருந்து மேலாக, திரும்பத் திரும்ப ஓங்கிய ஏதோ ஒன்றிலிருந்து தெறித்த ரத்தக்கோடுகள். கூரைவரை. சிவப்பாக. தலையணையில், முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், முகமென்று சொல்ல முடியாதது கொஞ்சம். பாத்திரத்தொட்டியின் ஓரத்தில் ஒரு துணியை நான்காக மடித்து, அதன்மேல் அவனுடைய பெரிய ஸ்பேனரைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள்.

யாரோ உள்ளே புகுந்திருக்கிறான் என்று நினைத்தான். முகாம்களில் திருடன் வருவதுண்டு. கதவுக்கு இன்னொரு பூட்டு போடலாம். பூட்டைப் பார்த்தான். அது உடைபட்டிருக்கவில்லை. ஸ்பேனரை மறுபடி பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையையும் பார்க்கவில்லை. இத்தனை நாளில் அதில் மட்டும் ஒரு துளிகூடப் பட்டதில்லை என்பது அவன் மனதின் ஓரத்தில் வந்து நின்றது. அதை உள்ளே விடவில்லை.

பயணமே வேண்டாம். அவ்வளவுதான். ஒரே ஒரு வழிதான் பாக்கி.

மாலையில் வண்டிக்கொட்டகையிலிருந்தே முகாமுக்குத் தொலைபேசியில் பேசி இடத்தை ரத்துசெய்தான். பிறகு வெர்னாவிடம் சொன்னான். அவள் மாடியில் படுக்கையறையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் விளையாட்டென்று நினைத்தாள். பிறகு கையிலிருந்த சட்டையை மெதுவாகக் கட்டில்மேல் வைத்தாள்.

"அறுபதாவது மாடில கயித்துல தொங்கினவன்தானே நீ? இப்ப எதைப் பார்த்து இப்படி வெடவெடக்குற?"

போக வேண்டாம் வெர்னா என்று மட்டும் திரும்பச் சொன்னான்.

"சரி. நீ வரவேண்டாம். டொரீன் ஓட்டுவா. நானும் அவளும் போறோம். பூ உனக்காகக் காத்திருக்காது லோவல், எனக்காகவும் காத்திருக்காது."

அவள் மேசைமேல் கிடந்த வண்டிச் சாவியை எடுக்கக் கையை நீட்டினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தது தெரிந்தது, இறுக்கியது தெரியவில்லை. எலும்பு எலும்போடு உரசியதை விரல்களில் உணர்ந்தபிறகுதான் விட்டான். வெள்ளையாக நான்கு கோடுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை சிவந்தன. இத்தனை வருடத்தில் அவள்மேல் அவன் இப்படிக் கை வைத்ததில்லை. அவள் கத்தவில்லை. கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, வெளியே போ என்று மட்டும் சொன்னாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயை அவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின் கதவைத் திறந்தான்.

சுத்தம். சுவரில் கறை இல்லை. படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. புதுப் பிளாஸ்டிக்கின் வாசனையும் குழாய்த் திரவத்தின் இனிப்பு வாசனையும் மட்டும். ஒவ்வோர் அலமாரியாகத் திறந்தான். மெத்தையைப் புரட்டினான். பற்சட்டத்தில் விரல் ஓட்டினான். ஒன்றுமில்லை. அது வெறும் வண்டி. வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் பிழைத்துவிட்டாள். கோபம் ஆறட்டும். மன்னிப்புக் கேட்கலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து, பொறுமையாக, அவளுக்கு விளக்கிச் சொல்லலாம். சொன்னால் புரிந்துகொள்வாள். புரியும்வரை சொல்லலாம். புரிந்துதான் ஆக வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்தான். ஹாலில் விளக்கு எரியவில்லை. மாடியில் மட்டும் வெளிச்சம். அலமாரிக் கதவு மூடும் ஓசை. பெட்டியின் ஜிப் இழுபடும் ஓசை. நீளமாக.

பெட்டி.

படிக்கட்டின் அடிக்குப் போய், அண்ணாந்து அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். காலடியில் ஏதோ வழுக்கியது. கைப்பிடியைப் பற்றினான். கைப்பிடி ஈரமாக இருந்தது.

சுவர்விளக்கைப் போட்டான்.

மாடிப்படியின் நடுவிலிருந்து சுவரில் ஒரு கைத்தடம் இறங்கிவந்தது. பிடிக்க ஒன்றுமில்லாமல் வழுக்கிய கை. கடைசிப் படியின் விளிம்பில் நரைமுடி. பிறகு தரை. தரை முழுவதும். அது காய்ந்திருக்கவில்லை. பிசுபிசுக்கவும் இல்லை. மெல்லிய ஆவி எழுந்தது. ஓரங்கள் பரவிக்கொண்டிருந்தன. குனிந்து தொட்டான்.

சூடு.

ஒரு ஆள் படுத்துக்கிடந்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் மட்டும் ரத்தம் படாமல் மரத்தரை தெரிந்தது. தலைப்பக்கம் மட்டும் அப்படித் தெரியவில்லை. அதற்கு எதிரில், மிக அருகில், இன்னும் இரண்டு சுத்தமான இடங்கள். அருகருகே. யாரோ அங்கே நெடுநேரம் அசையாமல் நின்றிருக்கிறார்கள்.

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். இரண்டும் அந்த இடங்களுக்குள் அளவெடுத்ததுபோலப் பொருந்தி இருந்தன.

மேலே படுக்கையறைக் கதவு திறந்தது. வெளிச்சம் படிகளில் விழுந்தது. ஒரு கையில் பெட்டியும், கன்றிப்போன மறுகையில் வண்டிச் சாவியுமாக, அவனைப் பார்க்காமல், வெர்னா முதல் படியில் காலை வைத்தாள்.