எல்லாத்துக்கும் பூஜ்யம்

இதய நோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில், நோயாளிகளின் நிலையைக் கேட்டெழுதும் படிவத்தோடு அவள் முதலில் போய் உட்கார்ந்தது அந்த அம்மாவிடம்தான். நரைத்த தலை, மடியில் மருந்துப் பை. பக்கத்தில் வாட்டசாட்டமாக மகன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

“அம்மா, இருபது கேள்விதான். தொந்தரவே இல்லன்னா பூஜ்யம், ரொம்பத் தொந்தரவுன்னா அஞ்சு. நடுவுல எதுவேணா சொல்லலாம்.”

“நோயாளி நான்தாங்க” என்றான் மகன்.

அவளுக்குப் பகீரென்றது. நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, கனத்து, ஒரு சொட்டும் சிந்தாத கண்கள். அடக் கடவுளே, இந்த வயதிலா!

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். இதயம் பலவீனமானது தெரிந்ததிலிருந்து, பணிமனையில் மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறான்.

அவள் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும். விளக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

“மாடிப்படி ஏறுவது சிரமமாக இருந்ததா?”

“பூஜ்யம்.”

“குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதாக நினைத்தீர்களா?”

அவன் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். “எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுட்டு வேற ஆளைப் பாருங்க.”

அம்மா மருந்து வாங்கப் போனார். அவன் டாக்டரைப் பார்க்க மாடியேறினான். பாதியில் நின்று, சுவரில் எதையோ கவனமாக வாசித்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

“அந்தச் சுவத்துல ஒண்ணுமே எழுதல சார்!”

அவன் முகம் இறுகியது. “அதுவும் உங்க கேள்வில இருக்கா?”

“நீங்க சொல்ற நம்பரப் பாத்துதான் டாக்டர் மருந்த மாத்துவார். பூஜ்யம்னா அப்படியே அனுப்பிடுவார்... அதுக்கப்புறம்?”

“அம்மா முன்னாடி அஞ்சுன்னு சொல்லச் சொல்றீங்களா? நான் மூச்சு விடுறதக் கேட்டுக்கிட்டே தூங்காம கெடக்கறாங்க, தெரியுமா?”

சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, படிவத்தை வாங்கி, ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினான். பாரம் என்ற கேள்விக்கு ஐந்து. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு அவளிடம் தோற்றுப் போனது.

அதன்பின் மாதாமாதம் தனியாக வந்தான். மருந்து மாறியிருந்தது, முகமும்தான்.

“மாடிப்படி?”

“ரெண்டு. நீங்க மேல நின்னா ஒண்ணு.”

“அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல” என்பாள். வீட்டுக்குப் போகும்வரை அந்த ‘ஒண்ணு’ கூடவே வரும்.

நாலாவது மாதம்... வெளியே நல்ல மழை. அவன் படிவத்தை அவள் தொடவே இல்லை. உடன் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரியிடம் நீட்டினாள்.

“என்னங்க, என் கதை அலுத்துப்போச்சா?” என்றான்.

“வேண்டியவங்க படிவத்த நாங்க நிரப்பக் கூடாது. சட்டம்.”

“நான் எப்போ வேண்டியவனானேன்?”

“படியில உக்காந்து அஞ்சு போட்டீங்களே... அப்போ.”

அவன் மழையைப் பார்த்தான். “வேணாங்க. பலமில்லாத இதயம். இன்னும் எத்தன வருஷம்னு டாக்டருக்கே தெரியல. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “எத்தன வருஷம்னு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா? இருக்கற நாள் எப்படி இருக்குன்னுதானே கேட்டுக்கிட்டிருக்கேன்!”

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அவள் கதவோரம் நின்றாள். கண்ணாடிக்காரி வரிசையாகப் படித்தாள்.

“குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதாக நினைத்தீர்களா?”

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். “அவங்களையும் குடும்பத்துல சேத்துக்கிட்டுச் சொல்லணுமா?”

“விளக்கம் சொல்லக் கூடாதுங்க” என்று விழித்தாள் கண்ணாடிக்காரி.

“சேத்துக்கிட்டே சொல்லுங்க” என்றாள் அவள்.

அவன் யோசித்தான்.

“அப்படின்னா... ஒண்ணு.”

பூஜ்யம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.