நேர்கோடு கலைத்த மரம்

செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் வகுப்பில் அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர்.

காலையில் டீச்சர், வகுப்பே சேர்ந்து வரைந்த இணையப் பலகையைச் சுவர்த்திரையில் போட்டார். நேர்கோடு பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்போ "ஐயோ!" என்று அலறியது.

பள்ளி வாசல் மரத்தை வெட்டிவிட்டு, வண்டி நிறுத்த இடம் செய்யப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் இத்தனை பாடும். பலகையின் நடுவில் மரம், சுற்றிலும் அணில், எறும்பு, நிழலில் காவலாளி அண்ணனின் நாற்காலி. எது எதை நம்பியிருக்கிறது என்று காட்ட, ஆளுக்கொரு சீட்டு ஒட்டிக் கோடு இழுத்திருந்தார்கள். இப்போது ஒரு கோடுகூட இல்லை. சீட்டுகள் மட்டும் நிறவாரியாக வரிசைகட்டி நின்றன.

"பெரிய டீச்சர் இப்ப பார்க்க வருவாங்களே! மரம் போச்சு!"

"வாலு, உன் வேலைதானே?" என்றான் முன்பெஞ்சுக்காரன்.

"நான் தொடவே இல்லடா, சத்தியமா!"

வாலு செய்யாத சேட்டை கிடையாது. அதனால் யாரும் நம்பவில்லை.

நேர்கோடு நிமிர்ந்த முதுகைச் சட்டென்று வளைத்துக்கொண்டாள். நேற்று மாலை அக்காவின் போனில் சீட்டுகளை அடுக்கியவள் அவள்தான். அழகாக இருக்கட்டுமே என்று சிக்கிக் கிடந்த கோடுகளை அழித்தவளும் அவள்தான். வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். திட்டு வாங்குவது வாலுவுக்குப் பழக்கம்தானே?

வாலு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். பழக்கமில்லை போலிருக்கிறது.

"டீச்சர், அவன் இல்ல. நான்தான்." எழுந்து நின்றாள் நேர்கோடு. "அலங்கோலமா இருந்துச்சுன்னு அடுக்கிட்டேன்."

"அடிப்பாவி!" என்றது பின்பெஞ்சு.

டீச்சர் எதையெதையோ அழுத்திப் பார்த்தார். "பழையபடி வர மாட்டேங்குதே..."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் பக்கத்து வகுப்புவரை வந்துவிட்டார்.

"டீச்சர், எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்றாள் நேர்கோடு அவசரமாக. "ஆனா அவங்கவங்க சீட்டு அவங்கவங்களுக்குத் தெரியும்ல? எல்லாரும் ஒரே நேரத்துல, அவங்க சீட்டை மட்டும் நகர்த்தினா?"

"டேப்லெட்டை எடுங்க, சீக்கிரம்!" என்றார் டீச்சர்.

திரையில் சீட்டுகள் ஓடின, முட்டிக்கொண்டன. "என் எறும்பு மேல உட்காராதடீ!" "நீ தள்ளுடா!" ஒவ்வொன்றாகக் கோடுகள் முளைத்தன. வாலு தன் அணிலிலிருந்து காவலாளியின் நாற்காலிக்கு ஒரு கோடு இழுத்தான்.

"இது நேத்து இல்லையே?" என்றான் முன்பெஞ்சுக்காரன்.

"அண்ணன் சாப்பிடறப்ப அணிலுக்கும் கொஞ்சம் போடுவாரு. இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

கதவு திறந்தது. பெரிய டீச்சர் திரையில் ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டினார். அணிலிலிருந்து நாற்காலிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அடேயப்பா, இத்தனை பேருக்கு வேணுமா இந்த மரம்?" என்றார். "சரி, வண்டிக்கு வேற இடம் பாப்போம்."

வகுப்பு கூரை பிய்யக் கத்தியது.

திரையில் அணில் சீட்டு மட்டும் கோணலாக நின்றது. நேர்கோட்டின் விரல்கள் துறுதுறுத்தன.

வாலு சிரித்தான். "என் சீட்டுதான். நேராக்கிக்கோ, பரவாயில்ல."

"வேணாம்பா!" என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அழுத்தி உட்கார்ந்துகொண்டாள் நேர்கோடு.