செல்லியின் டோக்கன்

மூக்கண்டப்பள்ளியில் குடியேறிய மூன்றாம் நாளே எனக்கு வேலை கிடைத்தது. ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றே செய்கிற லைன் வேலை. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் கேட்டில் காட்டுகிற டோக்கனையும் ஆஸ்பத்திரிக்கான மருத்துவ அட்டையையும் நீட்டினார். இரண்டிலும் 'செல்லி' என்று இருந்தது.

"அந்தப் பொண்ணு வேலைய விட்டு நின்னுட்டா. உன் பேருக்குக் கார்டு வர்ற வரைக்கும் இதுலயே ஓட்டும்மா."

இங்கே பாதிப் பேர் அடுத்தவர் டோக்கனில்தான் நிற்கிறார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

இரண்டாம் மாதம் வலது கணுக்கால் வலிக்கத் தொடங்கியது. நின்று வேலை செய்தால் கால் வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இது ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தாலும் வலித்தது. பாதத்தின் மேல் ஏதோ ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. நிற்க முடியாவிட்டால் லைனில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். பயந்து அந்த அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுன்ட்டரில் கூப்பிட்டார்கள்.

"செல்லி யாரும்மா?"

"நான்தான்."

மாத்திரை, கட்டு, மெழுகு ஒத்தடம், குதிகாலில் ஊசி என்று ஐந்து மாதம் போனது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் வலி கூடியது. ஒத்தடம் கொடுக்கிற அறையில் மருந்து நெடியையும் மீறி ஓர் அழுகல் வாடை அடிக்கும். எனக்கு மட்டும்தான் அடித்தது போலிருக்கிறது.

டாக்டருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மொத படத்துல பாதம் நொறுங்கிக் கெடந்துச்சு. இப்ப பாருங்க, எலும்பு அழகா கூடிருச்சு."

எனக்கு எலும்பு முறிந்ததே இல்லை.

செல்லி ஏன் வேலையை விட்டு நின்றாள் என்று மறுநாள் என் பக்கத்தில் வேலை செய்கிற ஜெபசீலியிடம் கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"செல்லி எங்க நின்னா? ரோட்டுல லாரிச் சக்கரம் கால்ல ஏறிருச்சுக்கா. புண்ணு அழுகியே செத்துப்போனா. டோக்கன் போயிரும்னு ஆஞ்சப்பன் மேல சொல்லவே இல்ல."

ஊசி இறங்கியது என் காலில். குணம் போனது அவள் காலுக்கு.

அடுத்த நாள் காலை என் ஆதாரை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குப் போனேன்.

"சார், நான் செல்லி இல்ல. பூங்கொடி. என் பேரை எழுதிக்கங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். "பூங்கொடியா? அவங்க கவுன்ட்டர் தொறந்ததுமே வந்தாங்களே. கால் சரியாயிருச்சு, இனி வர வேண்டியதில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு விறுவிறுன்னு நடந்து போனாங்க."

நோட்டில் இருந்தது என் கையெழுத்து.

பெஞ்சில் சரிந்தேன். பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கும் என் கணவர் சுபாஷுக்குப் போன் போட்டேன்.

"என்ன பூங்கொடி, அடுப்படியில இருந்துக்கிட்டே போன் பண்ற?" தூக்கக் கலக்கத்தில் சிரித்தார். "கால் நல்லாயிருச்சுன்னு இப்பதானே குதிச்சிக் காட்டுன?"

"ஏங்க, அது நான் இல்லங்க…"

போனுக்குள் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. கொஞ்சமும் நொண்டாத நடை.

போன் கை மாறியது.

"யாரு பேசறது?" என்று என் குரலே என்னைக் கேட்டது.

வாயைத் திறந்தேன். என் பேர் வரவில்லை.