பெடல் மிதிக்க ஓர் ஆள்

“மிதி” என்று சீனிச்சாமி இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் ஆயில் வந்துவிட்டது.

வண்டியின் பின்பக்க இடது சக்கரத்தடியில் மல்லாந்து படுத்து, பிரேக் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பேனரால் அரைச்சுற்றுதான் திருப்பியிருந்தான். தானாக வந்தால் சொட்டுச் சொட்டாக வரவேண்டும். இதுவோ குபுகுபுவென்று, குமிழியும் நுரையுமாக, மேலே ஒருவர் உட்கார்ந்து பெடலை அமுக்கினால் எப்படி வருமோ அப்படி வந்தது. வந்து, நின்றது. பழைய பிரேக் ஆயிலின் தித்திப்பு வாடை மூக்கில் ஏறியது.

வெளியே வந்து பார்த்தான். டிரைவர் சீட் காலி. கதவு சாத்தியபடி இருந்தது. கார்த்திகை மாச மசங்கலில் ஏழாயிரம்பண்ணை ரோட்டில் பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்று வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலமானால் போகிற கரண்ட் அன்றைக்கும் போயிருந்தது. ஷெட்டுக்குள் அவனையும் அந்த வண்டியையும் தவிர ஒருவரும் இல்லை.

பிரேக்கில் ஏர் எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். சீனிச்சாமிக்கு மேலே இருந்து மிதித்தவள் அவன் மனைவி பாண்டிச்செல்வி. பட்டாசு ஆபீஸ் விட்டு வேனில் இறங்கியவளை, கைகால் கழுவக்கூட விடாமல் இவன் கூப்பிடுவான். வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்” என்பாள். “மிதி” என்றால் மிதிப்பாள். “பிடி” என்றால் பிடிப்பாள். “விடு” என்கிற வரைக்கும் காலை எடுக்கமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மூன்று சொல்லில்தான் அவர்கள் குடும்பமே நடந்தது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

ஆடி மாசம், தீபாவளி சீசன் வேலை மும்முரத்தில், மருந்து கலக்கிற அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பாண்டிச்செல்வி. இன்னொருத்தி அடுத்த தெரு சண்முகத்தாயின் மகள் வேல்விழி, கல்யாணமாகாத பெண். மருந்து அறைக்குள் போகிறவர்கள் இரும்பு, வெள்ளி எதுவும் போட்டிருக்கக் கூடாது. உரசினால் பொறி பறக்கும். அதனால் மெட்டி, கொலுசு, வளையல் அத்தனையையும் கழற்றி வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். டப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. ஆட்கள்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு வெள்ளைத் துணி மூட்டையாகக் கிடந்தார்கள்.

முகம் இல்லை. நகை இல்லை. எது யார் என்று சொல்ல ஒரு குண்டுமணி அடையாளம் இல்லை. “சீக்கிரம் பாத்துச் சொல்லுங்கப்பா” என்று யாரோ அவசரப்படுத்த, சீனிச்சாமி மூட்டையை முழுசாகப் பிரித்துப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் கிடந்ததைக் காட்டி, “இதுதான் எம்பொண்டாட்டி” என்றான். மற்றதைச் சண்முகத்தாய் வாங்கிக்கொண்டாள். அவனுக்குக் கிடைத்ததைப் புதைத்தான். “செல்வி, செல்வி” என்று அந்தக் குழியில் விழுந்து அழுதான். பதினாறாம் நாள் சேலை வைத்து, சோறு படைத்து, அதே பெயரைச் சொல்லித்தான் வீட்டுக்குள் கூப்பிட்டான்.

இப்போது ஷெட்டில் நிற்கிற கறுப்பு லேண்ட்மாஸ்டர் கார் விருதுநகர் பாலகுரு அண்ணாச்சியுடைய அப்பா காலத்து வண்டி. தை மாசம் மகள் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் இந்த வண்டியில்தான் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. பிரேக் மிதித்தால் பெடல் தரைவரை போனது. எவனோ புண்ணியவான் பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றியதில் உள்ளிருந்த ரப்பரெல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. சீனிச்சாமி ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றித் துரு எடுத்தான். குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவினான். மதுரையிலிருந்து புது ரப்பர் வரவழைத்து மாட்டினான். பிரேக் கட்டைகளுக்குப் புது லைனிங் ஒட்டினான். மிச்சம் இருந்தது ஏர் எடுக்கிற வேலைதான். மிதிக்க ஆள் இல்லாததால், ஆயில் தானாகச் சொட்டி இறங்கட்டும் என்றுதான் நிப்பிளைத் திறந்திருந்தான்.

அந்த வேலையில்தான் சொல்லாமலே ஆயில் வந்தது.

மறுபடியும் போய்ப் படுத்தான். நாலு மாசமாகச் சொல்லாத சொல்லை மெதுவாகச் சொன்னான்.

“செல்வி. மிதி.”

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. பாட்டிலில் குமிழி பொங்கியது.

“பிடி.”

நின்றது.

“விடு.”

பெடல் ‘டொக்’கென்று மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. சீனிச்சாமி பயந்துதான் போனான். ஆனால் பயத்தைவிட அழுகை முந்திக்கொண்டது. ஆயிலும் மண்ணும் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வண்டிக்கடியில் படுத்தபடியே தேம்பித் தேம்பி அழுதான்.

நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. பிரமாதமான பிரேக். மறுநாள் சாயங்காலம் வந்து படுத்து “மிதி” என்றான். ஒன்றும் அசையவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னான். வேலை முடிந்த வண்டியில் அவளுக்கு என்ன வேலை என்று அவனுக்குப் புரிந்தது. அப்போது ஒரு மெக்கானிக் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தான். நிப்பிளைத் திறந்துவிட்டு, கூடாத காற்றைத் தானே குழாய்க்குள் ஏற்றினான். பெடல் பஞ்சாகத் தொய்ந்தது. “மிதி” என்றான். மேலே சீட் கிறீச்சிட்டது.

அதற்கப்புறம் தினமும் இதுதான். பகலில் கெடுப்பான், சாயங்காலம் கூப்பிடுவான். அண்ணாச்சி நேரில் வந்தே கேட்டார்.

“என்ன சீனி, ஒரு பிரேக்குக்கு இம்புட்டு நாளா?”

“ஏர் நிக்குது அண்ணாச்சி. பழைய வண்டில்லா.”

பொய் சொல்ல வாய் கூசவில்லை. ஆசை வெட்கம் அறியுமா? வண்டி போனால் அவளும் போய்விடுவாள். ஒருமுறை பறிகொடுத்தவன் இன்னொரு முறை கொடுக்கமாட்டான்.

ஆனாலும் ஒன்று அவனை உறுத்தியது. யார் மிதிக்கிறார்கள் என்பதைக் குழாயில் வருகிற ஆயிலே சொல்லும். பாண்டிச்செல்வியின் மிதி ஒரே நீளமாக, நிதானமாக இறங்கும். இந்த மிதி அப்படியில்லை. வெடுக்கென்று இறங்கும், பயந்து பாதியில் நிற்கும், மறுபடி இறங்கும். பெடலே பழக்கமில்லாத கால். வெந்த கால், வலிக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரம் சண்முகத்தாய் வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

“ஒம்பொண்டாட்டி கனவுல கினவுல வாராளாய்யா?”

சீனிச்சாமி ஸ்பேனரைத் துடைத்தான். “இல்லத்தே.”

“எம்மக ஒருநாக்கூட வரலய்யா. பிடிச்சதெல்லாம் ஆக்கி வச்சுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். கோடாங்கிட்டப் போயிக் குறி கேட்டேன். அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? ஒம்மகள வேற பேரச் சொல்லி வேற வீட்டுக்குக் கூப்பிட்டுட்டாக, அவ அங்கன உக்காந்திருக்கா அப்படிங்கான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ராத்திரியானா எங்க வாசல்ல யாரோ நிக்கிறாப்புல இருக்கு. மகளோன்னு ஓடிப் போயிப் பாத்தா, அவ இல்லய்யா. வேற யாரோ. வழி தெரியாம நிக்கிறாப்புல நிக்கா.”

கிழவி எழுந்து போன பிறகும் சீனிச்சாமி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வெளிச்சம் மங்கியது. கரண்ட் போனது.

பார்த்துவிட வேண்டியதுதான்.

லேண்ட்மாஸ்டரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கும். ஆயில் ஊற்ற அந்தத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை உண்டு. அதன் மூடியைக் கழற்றினான். பின் சக்கரத்து நிப்பிளைத் திறந்து குழாயைப் பாட்டிலில் விட்டான். கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திய வண்டிக்கடியில், இந்தமுறை முன்பக்கம் நகர்ந்து, ஓட்டைக்கு நேர் கீழே படுத்து டார்ச்சை அடித்தான். பெடலும் அதற்குப் பின்னால் இருட்டும் தெரிந்தன.

“செல்வி. மிதி.”

ஒரு பாதம் இறங்கியது.

சாம்பல் பூத்த பாதம். அலுமினியப் பொடி வெள்ளிபோல் ஒட்டியிருந்தது. சின்னப் பாதம். விரல்கள் நடுங்கின. கட்டை விரலுக்கு அடுத்த விரலைப் பார்த்தான். மெட்டியைக் கழற்றினாலும் மெட்டி போட்ட தழும்பு போகாது. பாண்டிச்செல்வியின் விரலில் பள்ளமாகவே விழுந்திருக்கும். இந்த விரல் வழவழவென்று இருந்தது. மெட்டியே ஏறாத விரல்.

“தாயி,” என்றான். “வேல்விழி. ஒங்க ஆத்தா ஒன்னியத் தேடுதா. எந்திரிச்சுப் போ தாயி.”

பாதம் அசையவில்லை.

“விடு.”

விடவில்லை. பெடல் இன்னும் இறங்கியது. பின்னால் பாட்டில் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் சிலிண்டர் கொள்வதைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தது. முதுகுக்குக் கீழே சூடாக ஓடி வந்தது. ஆயில் வாடை இல்லை. கருமருந்து வாடை. தீய்ந்த வாடை.

அப்போது வாசலில் சரளைக்கல் நெரிந்தது.

தலையைத் திருப்பினான். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே வாசல் தெரிந்தது. அங்கே இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பில்லாத கால்கள். கணுக்காலுக்கு மேலே எல்லாம் கரி. ஆனால் பாதம் தப்பியிருந்தது. அந்தப் பாதத்தை அவனுக்குத் தெரியும். அதில் எத்தனை கருவேல முள் எடுத்துவிட்டிருப்பான். நடந்து நடந்து தேய்ந்து, புழுதி அப்பி, வெடித்துப் போயிருந்தது. ஆடியிலிருந்து வீட்டைத் தேடி நடந்திருக்கிறாள்.

நிலைக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஏங்க,” என்றது அவள் குரல். கோபமே இல்லை அதில். “எம்புட்டுத் தூரம் நடந்து வாரேன். இங்கன யாருங்க உக்காந்திருக்கது?”

கையை வாசல் பக்கம் நீட்டினான்.

“செல்வி.”

தலைக்கு மேலே பெடல் இறங்கியது.

“இல்ல. ஒன்னிய இல்ல. செல்வி, நீ வா. செல்வி.”

இறங்கியது. மறுபடி இறங்கியது. அவன் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல, மேலே இருந்தவள் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற பிள்ளைபோல் அவசர அவசரமாக மிதித்தாள்.

வாசலில் நின்ற கால்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு திரும்பின.

“செல்வி.”

மிதித்தாள்.

சரளைக்கல் சத்தம் ரோட்டுப் பக்கம் தள்ளித் தள்ளிப் போனது. அவளை நிறுத்த அவனுக்கு அந்த ஒரு பெயரைத் தவிர வேறு பெயர் தெரியாது.

“செல்வி,” என்றான்.

மிதித்தாள்.