உறையில்லாத கேபிள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, சரியாக நண்பகலில், குளிர்கோபுரங்கள் நிற்கும். விசிறிகளின் பட்டைகளை மாற்ற இருபது நிமிடம். நகரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எல்லோர் காதிலும் செவிமணி இருந்தது.

கோபுரங்கள் இல்லாவிட்டால் வெயில் கொல்லும். இருந்தால் அவற்றின் இரைச்சல் காதைச் செவிடாக்கும். அதனால்தான் இருபத்தைந்து வருடங்களுக்கு முன் செவிமணி வந்தது. கடுகளவு கருவி. இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டுப் பேச்சை மட்டும் உள்ளே விடும். குழந்தைகளுக்குக் காது குத்தும் நாளிலேயே பொருத்திவிடுவார்கள். குழந்தை அழுதால் தாயின் காதில் மெல்லிய மணியோசை கேட்கும். அவள் எழுந்து போய்ப் பார்ப்பாள்.

ஆவுடை தன் செவிமணிகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அறை முழுக்க அமைதி.

"இட்லித் தட்டத் தலையில மாட்டிக்கிட்டு உக்காரப் போறியளா மதினி?" என்றாள் கோமதி. ஆவுடையின் கணவனின் தங்கை, இருபத்து நாலு வயது.

"இட்லித் தட்டுல ஓட்டை இவ்வளவு நெருக்கமாவா இருக்கும்?" என்றாள் ஆவுடை. "இது பேனல் பெட்டியோட காத்துத் தகடு."

அவள் கையில் இருந்தது அவளே செய்த ஹெட்போன். கடையில் வாங்கும் ஹெட்போன் என்று ஒன்று இப்போது கிடையாது. இருந்த பழையவற்றையும் காந்தத்துக்காக அரசு திரும்ப வாங்கிவிட்டது. காந்தம் எல்லாம் கோபுர மோட்டார்களுக்கு. ஆனால் காந்தமே இல்லாமல் ஒலி எழுப்ப ஒரு பழைய வழி உண்டு: நிலைமின்சாரம். இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாளைப் பறைத்தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும். இருபுறமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி. தாளுக்கு அறுநூறு வோல்ட் மின்னேற்றம். தகடுகளில் குரலின் அலை ஏறி இறங்கும்போது ஒன்று தாளை இழுக்கும், மற்றது தள்ளும். எடையே இல்லாத அந்தத் தாள் பெருமூச்சைக்கூட விடாமல் சொல்லிவிடும்.

தாளின்மேல் மின்னேற்றம் தங்க ஆவுடை பூசியது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். ஒரு துளியைத் தடவித் துடைத்தெடுத்தால் போதும்.

"அறுநூறு வோல்ட்டா? முடி பொசுங்கிராதா?"

"வோல்ட் இருந்தா மட்டும் சுடாது கோமதி, கரண்ட் ஓடணும். நடுவுல பெரிய ரெசிஸ்டர் போட்டிருக்கேன். ஓடாது, ஊரும்."

ஏழாம் கோபுரத்தின் கட்டுப்பாட்டு அறையில் பேனல் பார்ப்பவள் அவள். அதே கோபுரத்தின் குளிர்வாயு அறையில் வேலை பார்த்தவன் அவள் கணவன் சொக்கலிங்கம். ஐந்து மாதங்களுக்கு முன், குழாய் வெடித்து அம்மோனியா கசிந்து, உள்ளேயே செத்துப்போனான். உடனே மயங்கிவிட்டான், எதுவும் உணர்ந்திருக்க மாட்டான் என்றது அறிக்கை. ஆனால் அதற்கு முன், பேனலில் இருந்த அவளை அழைத்திருந்தான். இறந்தவரின் கடைசி அழைப்பை, எந்தத் திருத்தமும் இல்லாத மூலப்பதிவாக, வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதைத் திருத்தமில்லாமல் கேட்கக் கருவி எவரிடமும் இல்லை என்பதால் அந்தச் சட்டம் யாரையும் உறுத்தவில்லை.

செவிமணி இரைச்சலை மட்டும் வடிகட்டுவதில்லை. மனநலத்துக்காகக் கோபத்தையும் பயத்தையும் சேர்த்தே தேய்த்துவிடும். அன்று அவன் எப்படிப் பேசினான் என்று ஆவுடைக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

போன மாத இருபது நிமிடத்தில் முதல்முறை கேட்டாள்.

"ஏட்டி ஆவுடை, நான் உள்ளதான் இருக்கேன்." கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமான குரல். பிறகு நீண்ட மௌனம். பிறகு அவளுடைய குரல்: "சரி சரி, மெதுவா வாங்க. சோறு பிரிக்காமதான் வச்சிருக்கேன்." மறுபடி மௌனம். முடிந்தது.

"அண்ணன் கஷ்டப்படலயே மதினி?" என்று கோமதி கேட்டாள். "இல்ல. நிதானமாத்தான் பேசுனாக" என்றாள் ஆவுடை. நாலு மாதத்தில் முதல்முறையாக அன்று தூங்கினாள்.

ஆனால் மறுநாள் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. சொக்கலிங்கத்துக்கு முன்பல்லில் இடைவெளி. வாய் திறந்தாலே சீழ்க்கை வரும். பதிவில் அது இல்லை. அவளுடைய 'சரி'கூட மழுங்கித்தான் கேட்டது. மேல்சுருதி ஒலிகள் எங்கே போயின?

கேபிளைப் பார்த்தாள். பேனல்காரர்களின் கைப்பழக்கம், எந்தக் கம்பியை இழுத்தாலும் செம்புப் பின்னல் உறை போட்ட ஷீல்டு கேபிளாகத்தான் இழுப்பார்கள். கோபுரத்துக்கு அது சரி. நிலைமின் ஹெட்போனுக்கு அது விஷம். இங்கே ஓடுவது அதிக வோல்ட், மிகக் குறைந்த கரண்ட். கம்பியும் உறையும் நெருங்கி இருந்தால் அந்தக் கொஞ்சக் கரண்ட்டையும் அவை தங்களுக்குள் தேக்கிக்கொள்ளும். சுருதி கூடக்கூட இழப்பும் கூடும். பேச்சின் அடிக்குரல் தப்பிவிடும். சீழ்க்கை, மூச்சு எல்லாம் வழியிலேயே மாயும்.

அதனால் இந்த மாதம் புதுக் கேபிள். பாவாடைத் துணியில் ஒரு பட்டை கிழித்து, ஐந்து மெல்லிய கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் விரல் அகல இடைவெளியில் தைத்திருந்தாள். உறையே இல்லை.

"அஞ்சு நிமிசந்தான் இருக்கு" என்றாள் கோமதி. ஆவுடை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டாள்.

முதலில் 'உஸ்' என்ற சீறல். வாயு. போன மாதம் இது இல்லவே இல்லை.

"ஏட்டி ஆவுடை, நான் உள்ளதான் இருக்கேன்." அந்தக் குரல் நடுங்கியது. பிறகு மௌனம் வரவேண்டிய இடத்தில் மௌனம் இல்லை. அம்மோனியா தொண்டையைப் பொசுக்கினால் குரல் போய்விடும், மூச்சு மட்டும் மிஞ்சும். கிசுகிசுப்பில் அடிக்குரல் கிடையாது. அது முழுக்க முழுக்க மேல்சுருதி. செவிமணி அதை இரைச்சல் என்று எடுத்து எறிந்திருந்தது. அவள் கேபிளும் அதைத்தான் செய்திருந்தது.

"கதவு பூட்டிக்கிச்சு... தொறந்து விடுட்டி... ஒன் பக்கத்துலதான் சுவிச்சு... சீக்கிரம்..."

"சரி சரி, மெதுவா வாங்க. சோறு பிரிக்காமதான் வச்சிருக்கேன்."

"ஆவுடை... கேக்குதா... கதவு... கதவு..."

அந்தச் சுவிட்ச் அன்று அவள் இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. தூக்குச்சட்டியை அதை ஒட்டித்தான் வைத்திருந்தாள்.

ஹெட்போன் கழுத்தில் சரிந்தது. ஆவுடை வாய்விட்டு அலறினாள். "நான்தான் கொன்னேன்! கேட்டுக்கிட்டே இருந்திருக்காக, நான் தொறக்கல! நான்தான் கொன்னேன் கோமதி!"

கோமதி கன்னத்தில் கைவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இவ்வளவு நிதானமாச் சொல்லுதியளே மதினி. நீங்க என்ன பண்ணுவிய? உங்களுக்குத்தான் கேக்கலயே." பிறகு அவள் பார்வை ஆவுடையின் முகத்தில் நின்றது. கோணிய வாய், கழுத்தில் புடைத்த நரம்பு. காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் ஒட்டவில்லை.

மெல்லக் கையை உயர்த்தினாள். காது குத்திய நாள் முதல் கழற்றாத செவிமணிகளை, ஒன்றன்பின் ஒன்றாக, நகத்தால் நெம்பி எடுத்தாள்.

அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணீரை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குச் சத்தம் உண்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"மதினி," என்றாள், "இது என்ன சத்தம்? உங்ககிட்ட இருந்தா வருது?"

ஆவுடையால் நிறுத்த முடியவில்லை. கோமதியின் தொண்டையிலிருந்தும் அதே சத்தம் கிளம்பியது. கிளம்பியதும் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூரத்தில் முதல் விசிறி சுழலத் தொடங்கியது.