கேட்கக் கூடாத கேள்வி

தூத்துக்குடிக்குக் கிழக்கே, நடுக்கடலில் நிற்கும் மின் உற்பத்தி மேடையில் மதியப் பந்தி சத்தமில்லாமல் நடக்கும். தட்டை நீட்டினால், மணிக்கட்டுப் பட்டையில் பச்சை எரிகிற வரைக்கும் இயந்திரக் கரண்டி சோறு போடும். சிவப்பு எரிந்தால் நின்றுவிடும். பந்திப் பொறுப்பாளர் மரியபுஷ்பத்துக்கு "இன்னும் கொஞ்சம்?" என்று உபசரிக்கும் வேலைகூட இல்லை. வாய் சும்மா இராத பெண்ணுக்கு அது பெருந்தண்டனைதான்.

எல்லாருடைய தொப்புளுக்கு அடியிலும் அரிசியளவில் ஒரு 'குடல்மணி' இருந்தது. இரைப்பை காலியானால் சுரக்கும் பசிச்சுரப்பையும், சோறு குடலில் இறங்கியதும் சுரக்கும் நிறைவுச்சுரப்பையும் அது அளந்து பட்டைக்குச் சொல்லும். நாக்கு பொய் சொல்லும், ஹார்மோன் சொல்லாது என்பது அங்கே வேதவாக்கு. அதனால் ஒருவரைப் பார்த்து "பசிக்கிறதா?" என்று கேட்பது, உன் மணி பொய் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். மணி வந்த பதினோரு வருடமாக யாரும் கேட்டதில்லை.

முக்குளிப்பவர் இன்னாசி கடலடியில் தலைகீழாக வேலை பார்ப்பவர். வயிற்றுப் புளிப்பு தொண்டைவரை ஏறி அவரை வாட்டியது. இரண்டு மாதத்துக்கு முன் கரையில் அறுவை செய்து, இரைப்பையின் மேல்முனையை உணவுக்குழாயின் அடியில், கழுத்துக்குத் துண்டு சுற்றுவதுபோலச் சுற்றித் தைத்தார்கள். நெஞ்செரிச்சல் போயிற்று. ஆள்தான் இளைத்துக்கொண்டே வந்தார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் கடலில் இறங்க விடமாட்டார்கள். முப்பது வருடம் முக்குளித்த மனுஷன் கரையில் என்ன செய்வார்?

அன்றும் நாலு வாய் உண்பதற்குள் அவர் பட்டை சிவந்தது.

"என்னண்ணே, அதுக்குள்ளயா?" என்றாள் புஷ்பம்.

"நெறஞ்சிட்டுன்னு மணி சொல்லுதுல்லா. அப்பொறம் நமக்கென்ன?"

அரை மணி கழித்து அவர் தம்ளரை எடுத்தபோது கை நடுங்குவதைப் புஷ்பம் பார்த்தாள். நிறைந்த வயிற்றுக்காரனுக்கு ஏன் கை நடுங்க வேண்டும்? மண்டை குடைந்தது. அவருடைய மணி பதிந்துவைத்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். மற்றவர்களுக்கு மெல்ல ஏறும் நிறைவுச்சுரப்பு, அவருக்கு ஐந்தே நிமிடத்தில் பனைமர உயரத்துக்கு ஏறியிருந்தது. சுற்றித் தைத்த இரைப்பைக்கு முன்போல விரிய இடமில்லை. சோற்றை அவசரமாகக் கீழே தள்ளுகிறது. குடல் திடுக்கிட்டுப் 'போதும் போதும்' என்று கூவுகிறது. அந்தக் கூவல் அடங்குவதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது. மணி பொய் சொல்லவில்லை, பழைய வயிற்றின் கணக்கில் புது வயிற்றைப் படித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பந்தி முடிந்தும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. அரை மணி பொறுத்தாள். இட்லிப் பாத்திரத்தோடு இன்னாசி இருந்த பெஞ்சுக்குப் போனாள்.

"அண்ணே, பசிக்கா?"

கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பிற்று. இன்னாசி பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பினார். புஷ்பம் பட்டையைத் தன் கையால் பொத்தினாள்.

"அதக் கேக்கல. ஒங்களக் கேக்கேன்."

அவர் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். கண் கலங்கிற்று.

"பசிக்கும்மா. ரெண்டு மாசமா பசிக்கு. எனக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சேன்."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சங் கொஞ்சமா ஆறு வேளை தின்னுங்க. கேட்டுக் கேட்டு நான் போடுதேன்."

கையாலேயே ஓர் இட்லியை எடுத்து வைத்தாள். எதிர் பெஞ்சில் வெல்டர் ராயப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மணியில் ஒரு கோளாறும் இல்லை. எழுந்து வந்தார். பட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையால் தட்டை நீட்டினார்.

"எக்கா, என்னையும் ஒருதடவ கேளேன்."