எழினியின் வாக்கு

காலையில் தேநீர் கொதிப்பதற்குள் செங்கமலம் இறந்துபோன கணவனை வாக்களிக்க வைத்துவிடுவாள். செவ்வாய்க் கோளின் சுரங்கக் குடியிருப்பில் பல வீடுகளில் நடப்பதுதான். சுவரில் பதித்த குரல்பேழையை அழுத்தினால் எழினி "சரி" என்பான். கரகரத்த, சற்றே சிரிப்பு கலந்த அதே குரல். அன்றைய தீர்மானம் கீழே எழுத்துகளாக ஓடும். அதை அவள் படித்ததில்லை.

புரட்சியில் மாண்டவர்களின் வாக்கு மாளாது என்பது குடியரசின் முதல் சட்டம். வேலைநிறுத்தம் செய்த மூன்றாம் சுரங்கத்துக்கு, அன்று சுரங்கங்களை ஆண்ட கம்பெனி காற்றை நிறுத்தியபோதுதான் புரட்சி வெடித்தது. "முடியாது" என்று கத்திக்கொண்டே எழினி மாண்டான். குரல்பேழைகள் செய்தபோது அந்தச் சொல்லை யாரும் சேர்க்கவில்லை. நாளடைவில் உயிரோடிருப்பவர்கள் வாக்களிக்க மன்றத்துக்குப் போவதை விட்டார்கள். இறந்தவர்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

அன்று தேநீரை ஆற்றும்போது எழுத்துகள் கண்ணில் பட்டன. வேலைநிறுத்தம் செய்யும் மூன்றாம் சுரங்கத்துக்கு மாலைமுதல் காற்று கிடையாது. உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் அவள் மகள் நறுமுகையும் ஒருத்தி. எழினி அப்போதுதான் சரி சொல்லி முடித்திருந்தான்.

மன்றத்தில் எழுத்தர் மட்டும் இருந்தார். பாதி வீடுகள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் தீர்மானம் விழும் என்றார். திரும்பப் பெறும் வீட்டில் குரல் அழிந்துவிடும் என்பதையும் தயங்கிச் சொன்னார்.

செங்கமலம் கதவு கதவாகத் தட்டினாள். எல்லோரும் வருந்தினார்கள். உட்காரச் சொன்னார்கள். பிறகு, அடுத்த வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கடைசி வீட்டில், புரட்சியில் மகனை இழந்த பிலவேந்திரன் கதவைத் திறந்தார்.

"அழிச்சிடறேன்மா. நீ உன் வீட்டுல அழிச்சிட்டுத்தானே வந்தே?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"அதான்மா," என்றார், கோபமில்லாமல்.

வீட்டுக்கு வந்தவள் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று பேழையை அழுத்தினாள். "சரி." இன்னொரு முறை. மூன்றாம் சுரங்கத்துக்குப் போகும் காற்றுக்குழாயின் இரைச்சல் அடங்கியபோதும் விரல் அங்கேயே இருந்தது. அதன்பிறகுதான் அழித்தாள்.

மறுநாள் காலை, குடியரசைக் கலைத்துக் கம்பெனியைத் திரும்ப அழைக்கும் தீர்மானம் வந்தது. சுவர்களின் வழியே, வீடு வீடாக, மாண்டவர்கள் சரி என்றார்கள். செங்கமலத்தின் வீட்டில் மட்டும் சத்தமில்லை. முதன்முறையாக அவள் ஒரு தீர்மானத்தை முழுவதும் படித்தாள்.

கடைசி வரி இப்படி இருந்தது: பதில் வராத வீடுகளுக்கு ஆட்சேபமில்லை என்று கொள்ளப்படும்.